கதவைச் சாத்தாத டப்பாக் கம்பெனி

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் கொள்முதல் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். அட்டை, மை, பசை, நூல் என்று எது உள்ளே வந்தாலும் என் மேஜையைத் தாண்டித்தான் வரவேண்டும். விற்க வருகிறவர்களை வாசல் பெஞ்சில் காக்க வைப்பதில் எனக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது. கையில் வேலை இல்லாவிட்டாலும், ஒரு பேரேட்டைப் புரட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவேன். செய்த பாவம் சும்மா விடுமா? இப்போது ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் வாசல் பெஞ்சில் உட்காருவதுதான் என் உத்தியோகம்.

தெற்கத்தி மாவட்டங்கள் நாலைந்தைச் சேர்ந்த சிறுதொழில்காரர்கள் கூடி வைத்திருக்கும் ஒரு சங்கத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். சூலக்கரைப் பக்கம் ஒரு மாடி அறை, இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் ஆபீஸ். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்துகிற சின்னக் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளின் வாசலுக்குக் கூட்டிப் போய், "இவர்களிடமும் வாங்கிப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். அரசு நிறுவனங்களுக்கு அதற்கு ஒரு விதி உண்டு. தனியார் கம்பெனிகளுக்கு விதி கிடையாது, மனசுதான் வரவேண்டும். கல்யாணத் தரகர் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்ன, இங்கே பெண் வீட்டார் நூறு பேர் இருப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் மூன்றே பேர் இருப்பார்கள், அந்த மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பதினெட்டு வருடத்தில் இப்படிப்பட்ட ஒரு கம்பெனியிடமிருந்து நான் ஒரு டப்பா பசைகூட வாங்கியதில்லை. வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர்கள் என் பெஞ்சு வரைக்கும் வந்ததே இல்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்டதில்லை.

டப்பாக் கம்பெனி நடத்துகிற அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தது ஒரு வைகாசி மாதம். வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் ஒரே மண்டபத்தில் கூட்டி உட்கார வைக்கும் நிகழ்ச்சியைச் சூலக்கரையில் எங்கள் சங்கமே நடத்தியது. வாங்குகிறவர்கள் சுவர் ஓரமாக, விரிப்புப் போட்ட மேஜைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். விற்கிறவர்கள் கையில் மாதிரிகளோடு வரிசையில் நின்றார்கள். வெயிலில் சமோசா கூட வியர்த்துப் போயிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு இனிப்பு, காரக் கம்பெனியின் மேனேஜர் முன்னால்தான் நீளமான வரிசை. பல ஊர்களில் கடை வைத்திருக்கிற பெரிய கம்பெனி. அவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே சிரிப்பைச் சிரித்து, விசிட்டிங் கார்டை வாங்கி ஒரே பையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் மேஜைக்கு அடியிலும் அப்படி ஒன்று இருந்தது.

வரிசையில் இந்த அம்மாவின் முறை வந்தது. நாற்பது வயது இருக்கும். தாயில்பட்டிக்காரி. துணிப்பையிலிருந்து தன் மாதிரியை எடுப்பாள் என்று பார்த்தால், அந்தக் கம்பெனியின் டப்பாவையே எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சாத்தூரு பஸ் ஸ்டாண்டுல உள்ள ஒங்க கடையில வாங்குனேன் சார். சாத்தூருக்கு வந்து வெளியூருச் சேவு வாங்குன மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."

சாத்தூர் என்றாலே சேவுதானே, வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"சேவு நல்லாத்தான் இருக்கு. டப்பாவோட அடியப் பாருங்க. எண்ணெய் எறங்குனதும் வாயப் பொளந்துருது. ஒட்டுற மடிப்பு பத்தலை. இன்னொரு அரை இஞ்சு விட்டு ஒட்டணும், பசை ஓரம் வரைக்கும் ஓடணும். அந்த வேலைய நாங்க செஞ்சு தாறோம்."

நான் அசந்துபோனேன். என் மேஜைக்கு வந்தவர்கள் எல்லோரும் என் அச்சகத்தையும் என் முதலாளியையும் என் புடவையையும் புகழ்ந்தவர்கள்தான். வாங்குகிறவனின் சரக்கே சரியில்லை என்று சொல்லி விற்க வந்த ஒரு ஆளை நான் கண்டதில்லை. மேனேஜர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கார்டைப் பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்தார். மாதிரி சரியாக இருந்து, ஆள் வந்து இடத்தைப் பார்த்துத் திருப்தியானால், தீபாவளி டப்பா ஆர்டர் தரலாம் என்றார்.

அவளுடைய கம்பெனி, தாயில்பட்டி ஊர்க் கடைசியில் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பேனா பிடிக்கிற இடம் மட்டும் ஆபீஸ் இல்லை. தீப்பெட்டி செய்தாலும் ஆபீஸ்தான், பட்டாசு செய்தாலும் ஆபீஸ்தான். அவளும் அவளோடு இருந்த ஒன்பது பெண்களும் பட்டாசு ஆபீஸில் பத்துப் பன்னிரண்டு வருடம் வெடிமருந்து அடைக்கிற அறையில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் அம்மாமார் எல்லோரும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். இவள்தான் முதலில் வெளியே வந்து, தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு அட்டை டப்பா ஒட்டிக் கொடுக்கத் தொடங்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

காகிதம் சுற்றுவதும் ஒட்டுவதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. அதை நான் சொல்லித் தரவேண்டிய அவசியம் இல்லை. பசை விஷயத்தில்தான் ஒருநாள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பசைக்கு என்னவெல்லாம் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மைதா, தண்ணி, கொஞ்சம் மயில்துத்தம்" என்றாள் அவள் சாதாரணமாக.

"ஏம்மா, தின்பண்டம் வைக்கிற டப்பாம்மா!"

"பூச்சி அரிக்கக் கூடாதுல்லக்கா."

"பூச்சி அரிக்காது. தின்னவன் எந்திரிக்க மாட்டான்."

அன்றைக்கே மைதாவையும் மயில்துத்தத்தையும் ஒழித்து, தின்பண்ட டப்பாவுக்கென்றே விற்கிற வெள்ளைப் பசைக்கு மாறினோம். அதற்குப் பிறகு அவர்கள் என்னை ஏதாவது கேலி செய்ய நினைத்தால், "அக்கா, டீயில மயில்துத்தம் போடவா?" என்பார்கள்.

அச்சடிப்பதற்கும் அட்டையை வெட்டித் தருவதற்கும் மெஷின் வேண்டுமே. அதற்கு என் பழைய முதலாளியிடமே போனேன். அவர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒட்டுறதுக்கு நம்மகிட்டயே ஆளு இருக்காகளே. ஆர்டர நாமளே எடுத்துக்கிட்டு அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வேலை குடுத்தா ஆச்சு" என்றார்.

"ஆர்டர் அவளோடது அண்ணாச்சி. நீங்கதான் அவளுக்கு அச்சடிச்சுக் குடுக்கப் போறீக" என்றேன்.

அண்ணாச்சி டீயில் பாதியைக் குடித்துக் கீழே வைத்தார். பிறகு, "காலங்காலமா வேலை குடுத்துத்தான் பழக்கம். வாங்கித்தான் பாப்போமே" என்று சிரித்தார். பெரிய மனுஷர்தான் அவர். நான்தான் அவரைப் பதினெட்டு வருடமாகச் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆடி பிறந்தது. தீபாவளி சீசனுக்குப் பட்டாசு ஆபீஸ்கள் ஆள் எடுக்கிற நேரம். பட்டாசு ஆபீஸ் போர்மேன் ஒருவர் அந்த ஒன்பது பேரையும் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டுப் போனார். ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடி மாரியம்மன் திருவிழா முடிந்து வரும் திங்கட்கிழமை காலை வேன் வரும், அதில் ஏறாவிட்டால் அந்த இடங்களுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர் பேரில் தப்பில்லை. டப்பாக் கம்பெனியில் கையிலிருந்த தீப்பெட்டி வேலை அந்தச் சனிக்கிழமையோடு தீர்ந்துவிடும். கோயம்புத்தூர் ஆர்டர் வந்தால் ஒன்பது பேரும் அங்கேயே இருப்பார்கள். வராவிட்டால் திங்கட்கிழமை மறுபடி மருந்து அறைக்குப் போய் உட்காருவார்கள். ஆர்டர் வருவதற்கு இடத்தைப் பார்க்க ஆள் வரவேண்டும். அந்த ஆள் திருவிழா வாரத்து வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

நான் தாயில்பட்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கல்யாண வீட்டு மாமியார் மாதிரி ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்தேன். தலையில் மாட்டுகிற வலைத்தொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்து அரை மணி நேரம் சிரித்தார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்தேன்.

"தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேப்பாக. அலாரத்தை அழுத்திட்டு, பதறாம, வரிசையா வெளிய போவோம்னு சொல்லணும்."

அவர்களில் மூத்தவள், ஐம்பது வயதுக்காரி, கையைத் தூக்கினாள். "தீப்பிடிச்சதுக்கப்புறம் வரிசையில எவக்கா நிப்பா?"

"கேட்டா சொல்லுங்க, அம்புட்டுத்தான்" என்று அதட்டினேன்.

பெரிய சண்டை கதவில்தான் வந்தது. அந்த அறைக்கு நாலு பக்கமும் நாலு கதவு. நாலும் வெளிப்பக்கம் திறக்கிறவை, நாலும் எந்நேரமும் திறந்தே கிடக்கும். தின்பண்ட டப்பா செய்கிற இடத்தில் ஈயும் தூசியும் வரக்கூடாது, கதவைச் சாத்தித்தான் வேலை செய்ய வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் விதி.

"கதவச் சாத்துனா எங்க ஆளுக உள்ள உக்கார மாட்டாகக்கா" என்றாள் அவள்.

"இது பட்டாசு ஆபீஸ் இல்லம்மா. அட்டையும் பசையும். என்ன வெடிச்சிரப் போகுது?"

"அது எனக்கும் தெரியும். ஒடம்புக்குத் தெரியலையே."

வெம்பக்கோட்டை ஆசாரியைக் கூப்பிட்டு, மரச்சட்டத்தில் வலை அடித்து நாலு கதவு போடச் சொல்லி ஒருவழியாகச் சமாதானமானோம். தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி ஆசாரியிடம் நான் தனியாகச் சொல்லிவிட்டுப் போனேன். வைக்க வேண்டாம் என்று அவளும் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை வந்தவர் முப்பது வயதுப் பையன். கோயம்புத்தூர் மரியாதையோடு எல்லோரையும் "வாங்க போங்க" என்று பேசினார். ஒன்பது பேரும் தொப்பியோடு தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவருக்குக் காட்ட வேண்டிய மாதிரி டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. அவர் பசை டப்பாவின் மேல் இருந்ததைப் படித்தார், கை கழுவும் இடத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் மனசுக்குள் ஆர்டரை வாங்கியே விட்டேன். அப்புறம் ஒரு டப்பாவை அளப்பதற்காகப் பையிலிருந்து இரும்பு அளவு டேப்பை எடுத்தார். அது கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

சத்தம் அடங்கும்போது அறையில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மருந்து அறையில் இரும்பு கூடாது, பொறி பறக்கும். பித்தளையும் மரமும்தான் புழங்கும். அங்கே இரும்புச் சத்தம் கேட்டால் ஓடு, என்ன ஏது என்பதை அப்புறம் கேள் என்று அவர்களை முதல் நாளிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். நாலு வலைக்கதவும் படார் படாரென்று திறந்தன. ஒரு கதவு கீலோடு கழன்று ஒருத்தியின் தோளில் மாலையாகப் போனது. மாதிரி டப்பாக் கோபுரம் இருபது காலில் மிதிபட்டுச் சப்பளிந்து கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், வேப்பமரத்தடியில் மூத்தவள் விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"என்னங்க ஆச்சு? எல்லாரும் எங்கீங்க போய்ட்டாங்க?" என்றார் பையன், டேப்பை எடுக்கக் குனிந்தபடி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே போய்க் கத்தினேன். "ஏ கழுதைகளா, கெடுத்தீகளே காரியத்த! ஒரு டேப்பு விழுந்ததுக்கு இந்த ஓட்டமா?"

மரத்துக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். கையில் பசை வாளி. "அவுகள ஏசாதீகக்கா. எல்லாருக்கும் முந்தி ஓடுனது நாந்தான்" என்றாள்.

முதலாளியே முதலில் ஓடியிருந்தால் நான் யாரைத் திட்டுவது? பையன் வெளியே வந்து விவரம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. கையிலிருந்த படிவத்தில் ஒரு இடத்தைக் காட்டினார்.

"ஆபத்து வந்தா எல்லாரும் வெளிய போக எத்தனை நிமிசம் ஆகும்னு இங்க எழுதணுமுங்க. எங்க கம்பெனியிலயே மணியடிச்சாலும் பாதிப் பேரு டீ குடிச்சுட்டுத்தான் எந்திரிப்பாங்க. இதுக்கு நிமிசக் கணக்கே வராதுங்களே."

அந்த வரிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் பெயர்ந்த கதவுக்கும் நசுங்கிய மாதிரிக்கும் யார் மதிப்பெண் தருவார்கள்? திருநெல்வேலிப் பக்கம் வேலை இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது வருகிறேன், புது மாதிரி தயாராக இருந்தால் இங்கிருந்தே மேனேஜரிடம் பேசிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிவதற்குள் வந்து உட்காருங்கள் என்றேன். ஒன்பது பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"நாளைக்கு ஆடிக் கடேசி வெள்ளி" என்றாள் மூத்தவள். "மாரியாத்தாளுக்கு லீவு சொல்லச் சொல்லுதீகளா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டு, நானும் அவர்களோடு இருக்கன்குடிக்குப் போனேன். வேறு என்ன செய்வது, தனியாக உட்கார்ந்து எனக்கு ஒட்டத் தெரியாது. ஆற்று மணலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். தீச்சட்டியும் பொங்கலும் மொட்டைத் தலைகளுமாக ஊரே அங்கே இருந்தது. போர்மேனும் குடும்பத்தோடு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வழியை மறித்து, "திங்கக்கெழமை வருவீகளா மாட்டீகளா? முடிவச் சொல்லுங்க தாயிகளா" என்றார்.

கூட்டம் நெருக்கி அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் போன பிறகு மூத்தவள் என்னைப் பார்த்து, "அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதையா ஆயிரக் கூடாதுக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. பெரிய கம்பெனி, பெரிய ஆர்டர் என்று பேசிப் பேசி அவர்கள் மனசில் ஆசையை வளர்த்தவள் நான். சன்னதியில் நின்றபோது எனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அந்த டப்பாவின் அடி பிளக்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை அவர்கள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி காலையிலேயே புதிதாக வெட்டிய அட்டையை லோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டார். பத்துப் பேர் கைகளும் மடித்தன, தடவின, அழுத்தின. ஆசாரி வந்து கழன்ற கதவை மாட்டினார். இந்த முறை தாழ்ப்பாளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் பையன் வந்தார். ஒரு டப்பாவில் எண்ணெய் சொட்டச் சொட்டக் காரச்சேவை நிரப்பி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிரசவ அறை வாசலில்கூட அப்படி யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடி பிளக்கவில்லை. சேவைப் பங்கு போட்டுத் தின்றோம்.

பையன் வேப்பமரத்தடியில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டப்பா ஓகே. கதவு மட்டும்தான் பிரச்சனை, வலை மட்டும் போதாது" என்றார் மேனேஜர். "கதவைச் சாத்தித்தான் வேலை செய்யறோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. இன்னைக்கே ஆர்டர் போட்டுடலாம்."

நான் அவள் காதோரம் போய், "போட்டுரு. தினமும் வந்து யாரு பாக்கப் போறா?" என்றேன். கொள்முதல் மேஜையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்த புத்தி அது. காகிதம் சரியாக இருந்தால் எல்லாம் சரி. இதை எழுதும்போது என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறது, அப்போது அப்படி இல்லை. மரத்தடியில் நின்ற ஒன்பது பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அவள் பையன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சார், அப்படி எழுத முடியாது. கதவு தொறந்திருந்தா ஈ வரும், அதுக்குத்தான் வலை போட்டிருக்கோம். அதையும் தாண்டி ஒரு ஈ விழுந்தா அந்த டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு வேற மடிச்சுரலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் வேலை பாத்த ரூமுல நாலு கதவு இருந்துச்சு சார். ஒரு கதவுக்கு முன்னாடி மட்டும் லோடு அடுக்கி வச்சிருந்தாக. சாயங்காலம் எடுத்துருவோம்னாக. மருந்து வெடிச்ச அன்னைக்கு என் கூட உக்காந்திருந்தவ அந்தக் கதவப் பாத்துத்தான் ஓடுனா."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. கதவுக்காக எத்தனை முறை அவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், ஒரு முறைகூட ஏன் என்று நான் கேட்கவில்லை. மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

ஸ்பீக்கரில் மேனேஜர் இப்போது பையனைக் கேட்டார்.

"நம்ம பாக்கிங் ரூமுக்கு எத்தனை கதவு?"

"ரெண்டுங்க சார்."

"ரெண்டும் தொறக்குமா?"

பையன் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஒண்ணுக்கு முன்னால அட்டைப்பெட்டி அடுக்கியிருக்குதுங்க சார்."

"இப்பவே போன் பண்ணி எடுக்கச் சொல்லு" என்றார் மேனேஜர். பிறகு அவளிடம், "அம்மா, தாழ்ப்பாள் இல்லாத, வெளிப்பக்கம் தொறக்கற வலைக்கதவுன்னு உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அவள் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூத்தவள் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தாள். அது வேப்பமரக் கிளையில் மாட்டிக்கொண்டது. நான் கையெழுத்துப் போட்டவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னத மனசுல வச்சுக்காத" என்றேன். "நீங்க எங்களுக்காகத்தான சொன்னீக" என்றாள். அப்படிப் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டால் நாம் என்ன ஆவது? அழுதுவிட்டேன். என்னைச் சிரிக்க வைக்க ஒருத்தி டீயில் மயில்துத்தம் வேண்டுமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் தாயில்பட்டிக்குப் போய் இறங்கினேன். வேன் நின்றிருந்தது. போர்மேன் சீட்டில் பெயர்களைப் பார்த்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஒன்பது பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு அந்த வேனைத் தாண்டி, டப்பாக் கம்பெனிப் பக்கம் நடந்து போனார்கள். "அம்புட்டுப் பேரும் கவுத்திட்டீகளே" என்றார் போர்மேன். "தீபாவளிக்கு எங்க டப்பாவுல பலகாரம் வாங்கித் தின்னுங்க அண்ணே" என்றாள் மூத்தவள் திரும்பிப் பார்க்காமல். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த நிமிடம் ஊரையே கூட்டிச் சர்க்கரை கொடுக்கலாம் போல இருந்தது.

டப்பாக் கம்பெனிக்காரி மட்டும் நடக்காமல் நின்று வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அதில் பாதிப் பேர் நின்றுகொண்டுதான் போவார்கள். அன்றைக்குக் கொஞ்சம் பேருக்குக் கூடுதலாக உட்கார இடம் கிடைத்திருந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் இவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இவளும் ஆட்டினாள்.

"யாரும்மா அது?"

"எங்க மதினி. நம்மகிட்ட பத்தாவது ஆளுக்கு வேலை இல்லைன்னு நாந்தான் சொல்லிட்டேன்."

வேன் கிளம்பியது. அது ஊரைத் தாண்டித் திரும்புகிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னொரு கம்பெனி பாருங்க. இந்த சீசன் முடியுறதுக்கு முந்தியே பாருங்க."

வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன். ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கம்பெனி இருக்கிறது, மாத்திரை டப்பாவுக்கு வெளியூரிலிருந்து ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒன்பதரை மணிக்கெல்லாம் அவர்கள் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். மதியம் வரை கூப்பிடவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.